சிப்பிக்குள் நடந்தவர்

சூசைபுரத்தில் மத்தலேனாள் என்று ஒருத்தி இருந்தாள். பங்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள், ஐம்பத்தோரு வயது, வீட்டில் அவளைத் தவிர வேறு ஆள் கிடையாது. சித்திரை மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை காலையில் அவள் நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது, கழுத்தில் கிடந்த வெள்ளிச் சிப்பிக்குள் யாரோ நடக்கிற சத்தம் கேட்கத் தொடங்கியது.

அந்தப் பக்கத்து ஊர்களில் கல்யாணத்துக்கு வெள்ளிச் சிப்பி செய்வார்கள். மூன்று நாள் நடைத் தூரத்தில், கடலோரத்தில், முத்துமுனை என்ற இடத்தில் சந்தியாகப்பர் கோயில் இருக்கிறது. வாழ்ந்த காலமெல்லாம் நடந்துகொண்டே இருந்த புனிதர் என்பதால் அவர் சுரூபத்தின் தலையில் வெயிலுக்குத் தொப்பி, கையில் கம்பு, கம்பின் நுனியில் சுரைக்குடுக்கை, மார்பில் ஒரு சிப்பி. குடுக்கை தண்ணீர் கொண்டுபோக, சிப்பி அந்தத் தண்ணீரை ஊற்றிக் குடிக்க. ஒரு சிப்பிக்கு ஒரு வாய்த் தண்ணீர்தான் பிடிக்கும், வழி நடக்கிறவருக்கு ஒரு நேரத்துக்கு அவ்வளவு போதும் என்று அதற்கு அர்த்தம் சொல்வார்கள். கல்யாணச் சிப்பியை ஆசாரி இரண்டு மூடிகளாகச் செய்வார். ஒரு மூடி மாப்பிள்ளைக்கு, ஒரு மூடி பெண்ணுக்கு. அவை ஒன்றோடொன்று பொருந்துமே தவிர உலகத்தில் வேறு எந்த மூடியோடும் பொருந்தாது. யாத்திரை போகிறவர்கள் தங்கள் மூடியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு போவார்கள்.

மத்தலேனாளின் புருசன் மிக்கேல்ராசு, கொத்தனார், அப்படித்தான் போட்டுக்கொண்டு பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு ஜூலை மாதத்தில் முத்துமுனைக்குப் போனான். கூடப் போனவர்கள் எல்லாரும் ஏழாம் நாள் திரும்பி வந்தார்கள். முன்னால் வந்தவர்கள் அவன் பின்னால் வருகிறான் என்றார்கள், பின்னால் வந்தவர்கள் அவன் முன்னாலேயே போய்விட்டான் என்றார்கள். கடலில் தேடினார்கள், ஆஸ்பத்திரிகளில் தேடினார்கள், பிறகு தேடுவதை விட்டார்கள். மத்தலேனாள் ஒரு வருடம் வரைக்கும் தன் மூடியைக் கழுத்தில் போட்டிருந்தாள்; பிறகு கழற்றி டிரங்குப் பெட்டிக்குள் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்தாள்.

அதை வெளியே எடுக்க வைத்தவர் புதிதாக வந்த பங்குச்சாமியார். குடும்பக் கணக்கு எடுக்க வீடு வீடாக வந்தவர் அவள் பேருக்கு நேராக விதவை என்று எழுதினார்.

"அது யாரு சாமி சொன்னது?" என்று கேட்டாள்.

"பத்தொம்பது வருசம் ஆச்சேம்மா. வேற என்ன எழுதட்டும்?"

"ஒண்ணும் எழுதாம விடுங்க."

"காலியா விட்டா ஆயர் இல்லத்துல கேப்பாங்கம்மா," என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போனார். மத்தலேனாள் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து சிப்பியை எடுத்துப் புதுக் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டாள். மறுநாள்தான் அந்த வெள்ளிக்கிழமை.

முதலில் அரிசிக்குள் வண்டு என்றுதான் நினைத்தாள். பிறகு தலையைக் குனிந்து கேட்டபோது அது சரளைக் கல்லில் கால் வைக்கிற சத்தம் என்று தெரிந்தது. ஒரு கால் ஊன்றியது, மறு கால் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்தது. மத்தலேனாள் களைந்த அரிசியை உலையில் போட்டாள், பருப்பைப் போட்டாள், முட்டைகளை அவித்தாள். பன்னிரண்டரை மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள் அல்லவா. சோறு வாங்க வரிசையில் வந்த மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி தட்டை நீட்டிக்கொண்டே, "டீச்சர், ஆயா கழுத்துல யாரோ நடந்து போறாங்க," என்று சொன்னாள். டீச்சர் வந்து காதை வைத்துக் கேட்டாள், ஆமாம் என்று தலையாட்டினாள், வரிசையைக் கலைக்கக் கூடாது என்று பிள்ளைகளை அதட்டிவிட்டுப் போனாள்.

பொழுது சாய்வதற்குள் ஊரே வந்து கேட்டுவிட்டது. பக்கத்து வீட்டுப் பிரகாசி, எந்தக் காரியத்திலும் முதல் தீர்ப்பு சொல்கிறவள், கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டாள். "மிக்கேலண்ணன் நடைதான் இது. சாரத்துல இருந்து விழுந்ததுல எடது கால் இழுக்கும்ல," என்றாள். விழுந்ததை எல்லாரும் நினைவுபடுத்திக்கொண்டார்கள், இழுத்ததையும் நினைவுபடுத்திக்கொண்டார்கள். பங்குச்சாமியாரும் வந்து கேட்டார். எழுந்து போய்ப் பதிவேட்டைக் கொண்டுவந்து, விதவை என்ற எழுத்துகளைப் பிளேடால் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் ஊதிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஊர் அந்தச் சத்தத்தோடு வாழப் பழகிக்கொண்டது. ஞானப்பு தன் டீக்கடை வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினான். இன்று தார் ரோடு, நடுவில் ஒரு பாலம், மத்தியானம் ஓய்வு என்று எழுதுவான், வேலைக்குப் போகிறவர்கள் அதைப் படித்துவிட்டுப் போவார்கள். முப்பது வருடம் லாரி ஓட்டிய செல்லையா வந்து காதை வைத்தால், செம்மண்ணா, களிமண்ணா, புதுசாகப் போட்ட ஜல்லியா என்று சொல்லிவிடுவார். சுகாதார நர்ஸ் நெஞ்சுச் சத்தம் கேட்கும் தன் குழாயைக் கொண்டுவந்து கொடுத்ததால் ஆம்பளைகளும் தள்ளி உட்கார்ந்து மரியாதையாகக் கேட்க முடிந்தது. அக்கினி வெயிலில் நடை நிற்கவில்லை என்று சேதி வந்தால், வயலில் குனிந்திருக்கும் பெண்கள் நிமிர்ந்து, ஒரு நிழல்ல நிக்கக் கூடாதா இந்த மனுசன் என்று சொல்லுவார்கள். நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டால் தாங்களும் வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார்கள். பூசையில் மன்றாட்டுச் சொல்லும்போது, வழியில் இருக்கும் எங்கள் சகோதரன் மிக்கேல்ராசுவின் இடது காலுக்காக என்று ஒரு வரி சேர்ந்துகொண்டது. வெளியூர்களிலிருந்தும் வந்தார்கள். மகனை அரபு நாட்டுக்கு அனுப்பிவிட்டுக் கடிதம் வராதவர்கள், மகள் யாரோடோ போய்விட்டவர்கள், படகோடு காணாமல் போனவர்களின் அம்மாமார் எல்லாரும் வந்து தங்கள் ஆள் நடக்கிற சத்தமும் அந்த நடைக்குப் பின்னால் எங்காவது கேட்கிறதா என்று கேட்டுப் பார்த்தார்கள்.

பத்தொன்பது வருடம் யாரும் எட்டிப் பார்க்காத வாசலில் இப்போது எந்நேரமும் செருப்புகள் கிடந்தன. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் மத்தலேனாளின் கழுத்துக்கு வந்தார்களே தவிர மத்தலேனாளுக்கு வரவில்லை. ஆடாம இருங்க, மூச்சை மெதுவா விடுங்க என்றார்கள். அவள் ஏதாவது பேசினால் விரலை உதட்டில் வைத்தார்கள். சுவரில் சாய்ந்து கேட்கிறவர்கள் சுவரிடம் எதுவும் விசாரிப்பதில்லை. அப்படித்தான் அவளும் தன் வீட்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள், முன்பைவிடத் தனியாக.

எல்லாரும் போன பிறகு, அடுப்படியில் ஒற்றையாக உட்கார்ந்து அவளும் கேட்பாள். அப்போது இரண்டு விசயங்கள் தெரியவந்தன. ஒன்று, தான் எழுந்து நடந்தால் சிப்பிக்குள் நடை நின்றுவிடுகிறது. தான் நின்றால், சிறிது நேரம் கழித்து, பதில் சொல்வதுபோல அங்கே நாலு அடி கேட்கிறது. தன் சத்தம் அந்தப் பக்கமும் கேட்கிறது என்று அவள் புரிந்துகொண்டாள். இன்னொன்று, மிக்கேல்ராசு எட்டி எட்டி நடப்பான், அவனோடு சந்தைக்குப் போனால் அவள் ஓட வேண்டியிருக்கும். இந்த நடையில் அந்த அவசரம் இல்லை, இது சின்னச் சின்ன அடியாக வைக்கும் நடை. இரண்டாவது விசயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஜூலை மாதம் பாதி போனதும் சத்தம் மாறியது. செல்லையா கேட்டுவிட்டு, "கடக்கரை மணலு. முத்துமுனைக்குத்தான் போறாரு," என்றார். திருவிழாவுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ஊர் மொத்தமும் கொடியோடும் மேளத்தோடும் கூடப் போவதென்று முடிவானது. மத்தலேனாள் யாரும் வர வேண்டாம் என்றாள்.

"ஒத்தையில எப்படிப் போவ?" என்று பிரகாசி கேட்டாள்.

"கூட்டத்துல சத்தம் கேக்காது பிரகாசி."

பதினெட்டு வருடமாகத் தன் ஊர் வழியே முத்துமுனைக்குப் போகும் யாத்திரிகர்களுக்குக் கஞ்சி ஊற்றியவள், வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் ஊர் எல்லையைத் தாண்டி அடுத்த ஊர்க் கஞ்சியைக் குடித்தாள். கருவேலங்காட்டு வழியாகவும், வறண்ட கண்மாய் வழியாகவும், வெள்ளையாய்க் கண்ணைக் கூசுகிற உப்பளங்கள் வழியாகவும் மூன்று நாள் நடந்தாள். அவள் நடக்கும்போது சிப்பிக்குள் இருந்தவர் நின்று கேட்டார், அவள் உட்காரும்போது அவர் நடந்தார். ஒரு மூட்டையை இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சுமப்பதுபோல அந்த மூன்று நாளும் கழிந்தன. யாரோடும் அவள் அவ்வளவு தூரம் போனதில்லை.

முத்துமுனையில் கடலிலிருந்து நூறடி தள்ளி ஒரு நல்லதண்ணிக் கிணறு இருக்கிறது. வந்து சேர்ந்த யாத்திரிகர் எல்லாரும் கழுத்துச் சிப்பியைக் கழற்றி, வாளித் தண்ணீரில் மொண்டு, ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் கோயிலுக்குள் போக வேண்டும். திருநாளன்று காலையில் மத்தலேனாள் அந்தக் கூட்டத்துக்குள் நின்றாள். சுற்றிலும் ஜெபமாலைக் கடைகள், மெழுகுவர்த்திக் கடைகள், ஆயிரம் கால்களின் சத்தம். சிப்பியைக் காதில் அழுத்தி வைத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. நாலு அடி எடுத்து வைத்து நின்றாள். நிமிர்ந்தபோது கிணற்றுக்கு அந்தப் பக்கம் காவிச் சேலை கட்டிய ஒரு பெண் நிற்பதைப் பார்த்தாள். அறுபது வயது இருக்கும், ஒல்லி, தோளில் துணிமூட்டை. அவள் மத்தலேனாளின் முகத்தைப் பார்க்கவில்லை, பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு இடது காலை இழுத்துக்கொண்டு கிணற்றைச் சுற்றி வந்தாள்.

"காலையில எந்திரிச்சதும் பதினேழு அடி நடப்பீங்க," என்றாள். "அங்க நிப்பீங்க. ரொம்ப நேரம் நிப்பீங்க. அப்பறம் திரும்பிடுவீங்க. தெனமும். அங்க என்ன இருக்கு?"

"எங்க வீட்டு கேட்டு," என்றாள் மத்தலேனாள். "நின்னு ரோட்டப் பாப்பேன்."

அந்தப் பெண்ணின் கழுத்தில் மற்ற மூடி தொங்கியது. மத்தலேனாள் கையை நீட்டினாள், அவள் கழற்றிக் கொடுத்தாள். இரண்டும் மயிரிழை இடைவெளி இல்லாமல் மூடிக்கொண்டன.

"இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?"

அவள் பெயர் சவேரியாயி. சொல்வதற்கு முன்னால் மத்தலேனாளைக் கிணற்று மேடையில் உட்காரச் சொன்னாள். "பத்தொம்பது வருசம் முன்ன, இதே எடத்துலதாம்மா. எங்க அம்மா செத்த மறுவாரம் என் தம்பி கதவச் சாத்திட்டான், எங்க போறதுன்னு தெரியாம கூட்டத்தோட கூட்டமா நடந்து இங்க வந்துட்டேன். எல்லாரும் சிப்பில மொண்டு குடிக்கிறாங்க, எங்கிட்ட ஒண்ணும் இல்ல. ஒருத்தர் கழட்டிக் குடுத்தாரு. குடிச்சிட்டுத் திருப்பிக் குடுக்கப் போனா, நீங்களே வச்சுக்கங்க, எனக்கு இனிமே வேண்டாம்னு சொல்லிட்டு, வடக்க போற பஸ்ல ஏறிட்டாரு."

"அவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லாம இருந்துச்சா?"

"இல்லம்மா. நல்லாத்தான் இருந்தாரு."

"முகம் எப்படி இருந்துச்சு?"

சவேரியாயி கடலைப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு ஒரு நிமிடம் ஆசையாக இருந்தது. "சுமைய எறக்கி வச்சவங்க முகம் மாதிரி இருந்துச்சு," என்றாள்.

பத்தொன்பது வருடத்தில் மத்தலேனாள் அவனைக் கடலில் மூழ்கடித்திருக்கிறாள், காய்ச்சலில் படுக்க வைத்திருக்கிறாள், ஞாபகம் தவறி ஏதோ ஊர்த் தெருவில் நிற்க வைத்திருக்கிறாள், செய்யாத குற்றத்துக்குச் சிறையில் அடைத்திருக்கிறாள்; ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செபமாலை சொல்லியிருக்கிறாள். இந்த ஒன்றுக்கு மட்டும் சொன்னதில்லை. நல்ல உடம்போடு, நல்ல மனதோடு, பஸ்ஸில் ஏறிப் போனான். அவளுக்கு அழுகை வரவில்லை. மடியில் கிடந்த கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. சவேரியாயி பக்கத்தில் உட்கார்ந்தாள், தொடவில்லை. நடையைத் தெரியுமே தவிர ஆளைத் தெரியாதவள் எப்படித் தொடுவாள்?

வெயில் ஏறிய பிறகு சவேரியாயியே பேசினாள். "மொத வருசம் மூட்டைக்குள்ள வச்சிருந்தேன், அப்பறம் கழுத்துல போட்டும் பதினெட்டு வருசம் இது சும்மாத்தான் கெடந்துச்சு. ஒவ்வொரு கோயிலா போவேன், திருநாளுக்கு வெங்காயம் உரிப்பேன், கூட்டுவேன், முடிஞ்சதும் அடுத்த கோயிலுக்கு நடப்பேன். எங்கூட யாரும் நடந்ததில்ல. இந்தச் சித்திரையில திடீர்னு உங்க சத்தம் கேட்டுச்சா, யாரோ என் பக்கத்துலயே புழங்குற மாதிரி இருந்துச்சு. பாத்திரம் கழுவப் போவீங்க, வருவீங்க. நீங்க படுத்தப்பறந்தான் நானும் படுப்பேன்." சேர்ந்திருந்த சிப்பியைக் காட்டினாள். "இது உங்க வீட்டுது. எடுத்துக்கங்க."

மத்தலேனாள் அதைக் கைக்குள் திருப்பிப் பார்த்தாள். பிறகு நகத்தால் நெம்பிப் பிரித்து, தன் மூடியைத் தன் கழுத்தில் கட்டினாள், மற்றதை அவள் கையில் வைத்தாள். இருவரும் ஆளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார்கள், திருநாள் பொரி வாங்கித் தின்றார்கள். எங்க ஊருக்கு வாங்களேன் என்று சொல்ல மத்தலேனாளுக்கு வாய் வரை வந்தது. முன்பின் தெரியாதவரை எப்படிக் கூப்பிடுவது என்ற கூச்சத்தில் சொல்லாமல் விட்டாள். தவக்காலத்தில் வேம்படி மலைச் சிலுவைக் கோயிலில் படி கழுவுவேன் என்று சவேரியாயி சொன்னாள். மறுநாள் காலையில் ஒருத்தி தெற்கே நடந்தாள், ஒருத்தி பஸ் ஏறினாள்.

சூசைபுரம் பஸ் நிறுத்தத்தில் ஊரே மாலையோடு நின்றது. மத்தலேனாள் ஒற்றையாக இறங்கினாள்.

"அது அவரு இல்ல," என்றாள். "பேரு சவேரியாயி. அவரு பத்தொம்பது வருசம் முன்னாடியே பஸ் ஏறிப் போயிட்டாராம். நல்லாத்தான் போனாராம்."

சிப்பிக்குள் ஒருவர் நடப்பதை ஒரே பகலில் ஏற்றுக்கொண்ட ஊர், பெண்டாட்டியை விட்டு ஒருவன் பஸ் ஏறிப் போனதை ஏற்றுக்கொள்ள முடியாமல் திணறியது. அவள் தப்பாகக் கேட்டிருப்பாள் என்றார்கள். அந்தப் பொம்பளை பொய் சொல்லியிருப்பாள் என்றார்கள். மூன்று மாதமாக முன்பின் தெரியாத ஒருத்தியின் காலுக்கா மன்றாடினோம் என்று சிலருக்குக் கோபம் வந்தது. கரும்பலகையில் ஞானப்பு வடை விலையை எழுதினான். வாசலில் செருப்புகள் குறைந்துகொண்டே வந்து, ஆவணியில் ஒரு ஜோடியும் இல்லாமல் போனது. பங்குச்சாமியார் மட்டும் பதிவேட்டோடு வந்து, என்ன எழுதுவது என்று கேட்டார்.

"எங்கயோ நல்லா இருக்காரு சாமி. அத எழுத எடம் இருக்கா?"

அவர் பக்கம் முழுவதையும் பார்த்தார். "இல்லம்மா," என்று சொல்லி மூடி வைத்தார்.

அவள் காலையில் கேட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அதற்குப் பதில் பள்ளிக்கூடம் விட்டதும் கண்மாய்க்கரையில் ஒரு மணி நேரம் நடந்தாள், அந்தப் பக்கத்தில் இருப்பவள் உட்கார்ந்து கேட்கட்டும் என்று. கிறிஸ்துமஸ் போனது, பொங்கல் போனது. மழைக்காலத்தில் சிப்பிக்குள் நடை சேற்றில் தடுமாறினால் இவளும் ஒரு நிமிடம் நின்றாள். ஊரில் மத்தலேனாள் பேச்சை யாரும் கேட்பதில்லை, அவளும் யாரோடும் அதிகம் பேசவில்லை. சாயங்காலங்கள் நீளமாக இருந்தன.

தவக்காலத்து மூன்றாம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அண்டா கழுவிக்கொண்டிருந்தபோது, சிப்பிக்குள் கல்படியில் தண்ணீர் கொட்டுகிற சத்தமும், கால் வழுக்குகிற சத்தமும், ஏதோ விழுகிற சத்தமும் கேட்டன. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. புதன்கிழமை நடை கேட்கவில்லை. வியாழக்கிழமையும் கேட்கவில்லை. கண்மாய்க்கரையில் நடந்து பார்த்தாள், நின்றாள், பதிலுக்கு ஒரு அடி கூட வரவில்லை. அன்றைக்கே பிரகாசி வீட்டுக்குப் போனாள்.

"நாளைக்குப் பிள்ளைகளுக்கு நீ ஆக்கிப் போடு பிரகாசி. நான் வேம்படிக்குப் போறேன்."

"அவளப் பாக்கவா? அவ உனக்கு என்ன வேணும்?"

"முட்டைய எண்ணி எடுத்துக்க, குளத்தூர்ல இருந்து வர்ற பிள்ளைகளுக்குக் காரம் ஆகாது," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தூக்குவாளியில் புளிச்சோறும் துவையலும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இரண்டு பஸ் மாறினாள். மலைக்கோயிலில் விசாரித்தபோது, விழுந்த அம்மாவைக் கீழே பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரியில் எந்தக் கட்டிடம், எந்த வார்டு என்று நாலு பேரிடம் வழி கேட்டு, இரண்டு முறை தவறான மாடி ஏறி இறங்கி, அவள் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டாகிவிட்டது. வார்டு வாசலிலேயே ஒரு நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள்.

"மத்தலேனாள் நீங்கதான?" என்றாள். "காலையில இருந்து சொல்லிக்கிட்டே இருக்காங்க. கெளம்பிட்டாங்க, பஸ்ஸுக்கு நிக்கிறாங்க, எறங்கிட்டாங்கன்னு. கடைசி கட்டில், போங்க."

கடைசிக் கட்டிலில் சவேரியாயி இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டோடு, கண்ணை மூடிக்கொண்டு, வெள்ளிச் சிப்பியைக் காதோடு சேர்த்துப் பிடித்தபடி படுத்திருந்தாள். முகம் பாதியாக வற்றியிருந்தது. மத்தலேனாள் கட்டில்களுக்கு நடுவில் நடந்து வந்தபோது கண்ணைத் திறக்காமலே, "மெதுவா வாங்க, தரை ஈரமா இருக்கு," என்றாள்.

மத்தலேனாள் மெதுவாக வந்தாள். கட்டிலுக்கு அடியில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல," என்று சொல்லி சவேரியாயி கண்ணைத் திறந்தாள். "இங்க சாப்பாடு கொண்டாந்து வச்சாங்க. நீங்க மாடி ஏறுறது கேட்டுச்சு. வரட்டும், சேந்து சாப்பிடலாம்னு வச்சிருக்கேன்."